முள்ளு ஏறலைங்க

பயப்படாதீங்க தம்பி, அது துப்பாக்கி இல்லைங்க. பைக்குள்ள இருந்து மூக்கை நீட்டிட்டு உங்க முட்டியக் குத்துது, அவ்வளவுதான். இப்பிடி இந்தப் பக்கம் வச்சுக்கறேன். காம்ப்ரஷன் மீட்டருங்க அது. கார் எஞ்சினுக்குள்ள அமுக்கம் எவ்வளவு இருக்குதுன்னு பாக்கறது. வட்டமா இருக்கறது டயலு, அந்தக் கடைசில கறுப்பாக் கூம்பாட்டம் இருக்கறது ரப்பரு. கோயமுத்தூர்ல வாங்குனதுதான். அந்தக் கடையிலயே குடுத்து, இது சரியாக் காட்டுதா இல்லையான்னு பாக்கச் சொல்லலாம்னு எடுத்துட்டுப் போறேன். ஒரு நாளைக்கு ஒண்ணு காட்டுது, இன்னொரு நாளைக்கு வேற காட்டுது. அதுதான் இப்ப எனக்கிருக்கற பெரிய கவலை.

காரு வச்சிருக்கறவன் எதுக்குடா தாராபுரத்துல இருந்து பஸ்ல நசுங்கிட்டு வர்றான்னு நினைப்பீங்க. காரு இருக்குதுங்க. நல்லாவும் இருக்குது. எஞ்சினைப் பிரிச்சு, வால்வெல்லாம் புதுசாட்டம் பண்ணி, ஊட்டு முன்னால பளபளன்னு நிக்குது. ஓட்டறதுக்குத்தான் ஆளில்லை. எனக்கு வலது கண்ணுல பார்வை போயி நெம்ப நாளாச்சு, லைசென்ஸும் முடிஞ்சு போச்சு. எங்கூட்ல ஓட்டறது எங்கூட்டுக்காரிதாங்க. அதா, முன்னால, பச்சைச் சேலை. சம்பூரணம்னு பேரு. டிரைவருக்குப் பின்னாடி சீட்டுதான் வேணும்னு போய் உக்காந்துட்டா. அவரு கியர் போடறதையே பாத்துட்டு வர்றா பாருங்க.

பொம்பள ஓட்டி ஆம்பள பக்கத்துல உக்காந்து வர்றதைப் பாத்து மொதல்ல ஊரே சிரிச்சுது. நாப்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டா. சேலையை முழங்காலுக்குள்ள இடுக்கிக்கிட்டு அவ உக்கார்ற தோரணை இருக்குதே... சிரிச்சவங்களே அப்புறம் வந்து நின்னாங்க. பிரசவத்துக்கு யாரு, கல்யாணத்துக்கு மாலை எடுத்துட்டு வர யாரு, எல்லாத்துக்கும் சம்பூரணக்காதான். எங்க தெருவுக்கே அவதான் ஆம்புலன்ஸுன்னு வச்சுக்கங்களேன். நான் பக்கத்துல உக்காந்து, இடது பக்கம் சைக்கிள் வருது, வலது பக்கம் ஆடு வருதுன்னு சொல்லிட்டு வருவேன். வலது பக்கம் எனக்கெங்கங்க தெரியுது. சும்மா சொல்றதுதான்.

நான் ஈ.பி.யில கணக்கெடுக்கற வேலையில இருந்தவனுங்க. ஊடு ஊடாப் போயி கரண்ட் மீட்டரைப் பாத்து அட்டையில எழுதிக் குடுக்கறது. ஊட்டுக்கு ஊடு ஒரே பாட்டுதான். நாங்க ஃபேனே போடலைங்க, ஊரைப் பூட்டிட்டுப் போயிட்டமுங்க, உங்க மீட்டர்தான் சும்மா ஓடுதுங்கம்பாங்க. குண்டடத்துல ஒரு அம்மா சூடத்தை ஏத்தி அணைக்கறேன்னு நின்னுச்சு. நான் அசைஞ்சதில்லை. அம்மா, மீட்டருக்கு உங்க மேல என்ன கோவம், உள்ள என்ன போகுதோ அதைக் காட்டுது, மனுசன் சொல்றது மாறும், முள்ளு மாறாதுன்னு சொல்லிப்போட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிருவேன். சர்வீஸ் பூரா அப்பிடித்தான் இருந்தேன். இப்பவும் மீட்டர்னா எனக்கு ஒரு மரியாதைங்க.

சரி, வண்டி கதைக்கு வர்றேன். வண்டி என்னையப் படுத்துன பாடு இருக்குதே.

மொதல்ல சொன்னது அவதான். போன ஆடிக் கிருத்திகைக்கு சிவன்மலை போனோம். மேல கோயில் வரைக்கும் காரு போகுங்க. எத்தனையோ வருசமா ஏத்துன மலை. அன்னைக்குப் பாதி ஏத்தத்துல வண்டி தொய்ஞ்சு போச்சு. பின்னால வந்த வேன்காரன் ஆரனை அமுக்கிட்டே இருக்கான். இவ பல்லைக் கடிச்சுட்டு, "வண்டி இழுக்கலைங்க"ன்னா. மலையை விட்டு எறங்கறப்பவே, அந்த வண்டிக்கு ஏதோ ஆயிப்போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏர் ஃபில்டரை மாத்துனேன். ப்ளக்கை மாத்துனேன். பெட்ரோல்ல தண்ணி கலக்கறானோன்னு பங்க்கை மாத்துனேன். ஒண்ணுக்கும் கேக்கலை. சமதரையில கூட மாட்டு வண்டியாட்டம் போகுது. மோட்டார் சைக்கிள்ல போற பசங்க திரும்பிப் பாத்து சிரிச்சுட்டுப் போறானுங்க.

அதோட நின்னுச்சா. பால் சொசைட்டி கேட்ல கொண்டு போயி முட்டிப்போட்டா. மெல்லத்தான் போனா. பிரேக் பிடிக்கலைன்னா. பிரேக் போட்டேனுங்க, போட்டேனுங்கன்னு அழுவாத கொறையாச் சொன்னா. நான் உடனே பிரேக் பேடு நாலையும் மாத்திக் குடுத்தேன். கழட்டுன பழசைப் பாத்தா, பாதி கூடத் தேயலை. கம்பெனிக்காரன் ஏமாத்தறான், பாக்கறதுக்கு நல்லாருக்கும், பிடிக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

நடுவுல இவ செருப்புத் தொல்லை வேற. நடந்து போயிட்டே இருப்பா, வலது கால் செருப்பு பின்னால நடுரோட்ல கெடக்கும். அது கழண்டதே தெரியாம இவ பாட்டுக்குப் போயிட்டிருப்பா. நாந்தான் குனிஞ்சு எடுத்துட்டு ஓடோணும். கடைவீதிக்குப் போறப்பெல்லாம் இதே வேலை. லூசாப் போச்சுன்னு, பின்னால வார் வச்சது ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். அதுக்கு வந்த கேடு என்னன்னா, மார்கழில நம்ம ஊரு பெருமாள் கோயிலுக்குப் போனோம். வெளிய திண்டுல உக்காந்து செருப்பைக் கழட்டுனா. உள்ள போயி, சன்னதிக்கிட்ட நிக்கறோம், பூசாரி ஒரு மாதிரியாப் பாக்கறாரு. கீழ பாத்தா இவ வலது கால்ல செருப்பு இருக்குதுங்க. இடதை மட்டும் கழட்டிப்போட்டு வலதோட உள்ள வந்துட்டா. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. எத்தனை வருசம் அந்தக் கோயில்ல வெளக்குக்கு எண்ணெய் குடுத்திருக்கோம். வெளிய வந்து நல்லாத் திட்டிப்போட்டேன். என்ன அப்பிடி மறதி, கால்ல செருப்பு இருக்கறது கூடவா தெரியாதுன்னு கேட்டேன். அவ காலையே பாத்துட்டு நின்னா. "கழட்டுனேனுங்க"ன்னு மட்டும் சொன்னா. கார்ல ஏறுனதும், வலது கால் கொஞ்சம் மரத்தாப்பல இருக்குதுன்னு ஏதோ சொன்னா. எஞ்சின் சூடு அந்தப் பக்கம்தான் அடிக்கும், ஒரு சாக்கை மடிச்சுப் போட்டுக்கோன்னு சொன்னேன். சாக்கும் நாந்தான் மடிச்சுப் போட்டேன்.

பல்லடம் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. நீங்க தூங்கறதுன்னா தூங்குங்க. இல்லையா? சரி.

ஃபோன்ல ஒரு வீடியோ பாத்தேன். ஊட்லயே எஞ்சின் அமுக்கம் பாக்கறது எப்படின்னு. ஒர்க்‌ஷாப்காரன்கிட்டப் போயி ஏமாறாதீங்க, நீங்களே பாருங்கங்கறான். எனக்கு நெம்பப் பிடிச்சுப்போச்சு. சைக்கிள் பம்பு முனையை வெரலால அடைச்சுட்டு அமுத்துனா வெரலைத் தள்ளும்ல, அந்தத் தள்ளற பலந்தான் காம்ப்ரஷன். அது நல்லாருந்தா எஞ்சின் நல்லாருக்குது. கொறைஞ்சா எஞ்சின் தேய்ஞ்சுபோச்சு. நம்ம ஊட்டுக் காருக்கு நூத்தி எழுவது கிட்ட காட்டோணும். மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதோ அதுதான் பேச்சு. இதை விட்டுட்டு ஃபில்டரு, பேடுன்னு குருட்டாம்போக்குல மாத்திட்டிருந்தேனேன்னு என்மேலயே கோவம் வந்துச்சு. அன்னைக்கே பஸ் ஏறி கோயமுத்தூர் போயி இந்த மீட்டரை வாங்கிட்டு வந்தேன்.

இது ஒராளு பண்ற வேலை இல்லைங்க. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடு பண்ணிட்டு, நாலு ப்ளக்கையும் கழட்டிரோணும். பெட்ரோல் வராம ஃபியூஸைப் பிடுங்கிரோணும். ப்ளக் இருந்த ஓட்டையில இந்த ரப்பர் மூக்கை வச்சு ரண்டு கையாலயும் அமுத்திப் பிடிச்சுக்கோணும். உள்ள உக்காந்திருக்கறவங்க சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுத்த விடோணும், அதே நேரத்துல ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சுப் பிடிக்கோணும். அப்பத்தான் காத்துப் போற கதவு முழுசாத் தொறக்கும். மூக்கைப் பிடிச்சுட்டு மூச்சு இழுன்னா எவ்வளவு இழுக்கறது. அப்பிடித்தான் அதுவும். இதை வீடியோக்காரன் திரும்பத் திரும்பச் சொன்னான். நானும் அவகிட்டத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வெய்யில் ஏறுறதுக்கு முன்னால ஆரம்பிச்சோம். நான் பானெட்டைத் தொறந்துட்டு முன்னால. அவ சீட்ல. பானெட்டு மறைக்கறதால அவ மூஞ்சி எனக்குத் தெரியாது, என் மூஞ்சி அவளுக்குத் தெரியாது. சத்தம் மட்டுந்தான். நான் சுத்துன்னேன். கிர்ர் கிர்ர்ருன்னு சுத்துது. முள்ளு துடிச்சுத் துடிச்சு ஏறுது, தொண்ணூறுல போயி நின்னுக்குச்சு.

"நல்லா அமுத்து."

"அமுத்திட்டுத்தானுங்க இருக்கேன்."

"அடி வரைக்கும் அமுத்து."

"அடி வரைக்குந்தானுங்க அமுத்தறேன்."

மறுபடி சுத்துனோம். தொண்ணூறு. ரண்டாவது சிலிண்டர், அதுவும் தொண்ணூறு கிட்ட. மூணு, நாலு, எல்லாம் அதே. ஒண்ணு மட்டும் கொறைஞ்சிருந்தாப் பரவால்லை. நாலுமே ஒரே மாதிரி செத்துக் கெடக்குது. இந்த எஞ்சினைக் கட்டிட்டுத்தான் இத்தனை நாளா இவளை மலையேத்த விட்டனான்னு நினைச்சேன்.

அவ மெல்ல எறங்கி, கதவைப் பிடிச்சுட்டு, அப்பிடியே வண்டியைப் பிடிச்சுப் பிடிச்சு முன்னால வந்தா. எவ்வளவு காட்டுதுன்னு கேட்டா. தொண்ணூறு, பாதிக்குப் பாதி போச்சுன்னேன்.

"அப்ப வண்டிதானுங்களா?"

"பின்ன? வண்டிதான்."

தம்பி, அப்ப அவ மூஞ்சியப் பாக்கோணுமே. ஒரு சிரிப்பு சிரிச்சா. கல்யாணம் ஆன புதுசுல பாத்த சிரிப்பு அது. எஞ்சின் போச்சுன்னு சொன்னதுக்கு எந்தப் பொம்பளையாச்சும் சிரிப்பாளா. அன்னைக்கு மத்தியானம் கேசரி கிண்டிக் குடுத்தாளுங்க எனக்கு. முந்திரிப்பருப்பெல்லாம் போட்டு. நான் கண்டுபிடிச்சதுக்கு மெச்சிக் குடுக்கறாளாக்கும்னு நானும் ரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். பக்கத்து ஊட்டுக்கெல்லாம் குடுத்துவிட்டா. எங்க வண்டியில எஞ்சின் கோளாறாம், அதான் இழுக்கலையாம்னு சொல்லிச் சொல்லிக் குடுக்கறா. சந்தோசமாச் சொல்றா.

அடுத்த நாள் ப்ளக் ஓட்டைக்குள்ள ஒரு கரண்டி எண்ணெய் விட்டுட்டுப் பாத்தேன். எண்ணெய் விட்டதும் முள்ளு ஏறுனா பிஸ்டன் ரிங்கு தேய்ஞ்சுபோச்சுன்னு அர்த்தம். ஏறாட்டி வால்வுல கோளாறு. பெரிசா ஏறலை. அப்ப வால்வுதான்னு முடிவு பண்ணி, நம்ம ரபீக்கைக் கூப்பிட்டேன். தாராபுரம் பைபாஸ்ல மெக்கானிக்கு. அவன் வந்து சாவியை வாங்கிட்டு ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்து, வண்டி பறக்குதுங்கண்ணா, எதுக்கு எஞ்சினைப் பிரிக்கறீங்கன்னான். ஒர்க்‌ஷாப்காரன் ஓட்டுனா எல்லா வண்டியும் பறக்கத்தான் செய்யும், ஊட்டுக்காரங்க ஓட்டுனாப் பறக்குதான்னு பாக்கோணும், மீட்டர் என்ன காட்டுதோ அதைச் செய்யின்னேன். அவன் தலையைச் சொறிஞ்சான். பிரிச்சுருங்க ரபீக்குன்னு இவளும் உள்ள இருந்து வந்து சொன்னா. அவ இந்த மாதிரி விசயத்துல எப்பவும் வாய் தொறக்கறதில்லை. அன்னைக்குச் சொன்னா.

பிரிச்சாச்சு. எஞ்சின் மேல்மூடியை, தலைன்னு சொல்லுவாங்க, அதைக் கழட்டி லேத்துக்குக் குடுத்து, வால்வு கிரைண்டிங் பண்ணி, புது கேஸ்கட் போட்டு, ரபீக் பூட்டிக் குடுத்துட்டுப் போனான். அந்த வண்டி பிரிஞ்சு கெடந்த நாளெல்லாம் இவ நெம்ப நல்லாருந்தா. எங்கயும் போக வேண்டியதில்லை, யாரையும் கூட்டிட்டுப் போக வேண்டியதில்லை. கேக்கறவங்களுக்கெல்லாம் வண்டி ஒர்க்‌ஷாப்லன்னு ஒரே பதிலு. ஊட்டுக்குள்ள செவுத்தைப் பிடிச்சுட்டு நடந்தா. தரை வழுக்குதுன்னா. நான் தரைக்குச் சோப்புப் போடறதை நிறுத்தச் சொன்னேன்.

பூட்டுனதுக்கு அப்புறம் மீட்டரை வச்சேன். எம்பத்தஞ்சு.

என்ன பண்றது சொல்லுங்க. இவ்வளவு பண்ணியும் முன்னை விடக் கொறைஞ்சிருக்குது. ரபீக்கைக் கூப்பிட்டு வாயில வந்ததெல்லாம் பேசிப்போட்டேன். அவனும் நோம்பு வச்சிருந்த நேரம், பொறுத்துக்கிட்டான். சீட்ல நீங்க உக்காருங்கண்ணா, நான் பிடிக்கறேன்னான். எனக்கு அந்தப் பேச்சே ஆகலை. மீட்டர் பாக்கறதை நீ எனக்குச் சொல்லித் தராதன்னுட்டேன். அன்னைக்குப் போனவன்தான், இப்ப வழியில பாத்தாலும் பாக்காத மாதிரிப் போறான். போகட்டும்.

சம்பூரணம் அன்னைக்குச் சீட்டை விட்டு எறங்கவே இல்லை. ஸ்டேரிங்கைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. எறங்கு, வெய்யிலு சுடுதுன்னு சொல்றேன், எறங்கலை. இன்னொருக்காப் பாக்கலாமுங்கன்னா. இன்னொருக்காப் பாத்தோம். இன்னொருக்கா. பேட்டரி தீந்து போற வரைக்கும் பாத்தோம். ஒவ்வொருக்காவும் நான் கத்தறேன், அமுத்து அமுத்துன்னு. அவளும் சொல்லிட்டே இருக்கா, அமுத்தறேனுங்க, அமுத்தறேனுங்கன்னு.

அப்புறம் மக வந்தா. ஒரே மக, வெண்ணிலா, சென்னையில இருக்கறா. லீவுக்கு வந்தவகிட்ட நான் பேசுனதெல்லாம் எஞ்சினைப் பத்தித்தான். பேட்டரியைச் சார்ஜ் ஏத்தி, அவளுக்கும் காட்டலாம்னு பானெட்டைத் தொறந்தேன். இவ வழக்கம்போல சீட்டுக்குப் போனா. அவ நடந்து போறதை வெண்ணிலா படியில உக்காந்து பாத்துட்டே இருந்தா. நீ இரும்மா, நான் உக்கார்றேன்னு எந்திரிச்சுப் போயி உக்காந்துட்டா. எனக்கு யாரு உக்காந்தா என்ன. ரப்பரை வச்சு அமுத்திட்டு, சுத்துன்னேன்.

முள்ளு ஏறுச்சு பாருங்க தம்பி. தொண்ணூறைத் தாண்டி, நூறைத் தாண்டி, ஒரே ஏத்தமா ஏறி நூத்தி எழுவதுல போயி நிக்குது. என் கண்ணையே நம்ப முடியலை. அடுத்த சிலிண்டர், நூத்தி எழுவது. நாலும். நான் கையில மீட்டரைத் தூக்கிட்டு வாசல்ல குதிக்கறேன். எஞ்சின் நல்லாருக்குது, சம்பூரணம், எஞ்சின் நல்லாருக்குது, ஒண்ணுமே இல்லை, புது எஞ்சினாட்டம் இருக்குதுன்னு தெருவுக்கே கேக்கற மாதிரிக் கத்தறேன். திரும்பிப் பாத்தா அவ மூஞ்சில ஈயாடலை. கையில ப்ளக்கைத் தொடைக்கற துணி வச்சிருந்தா. அதை மடிச்சா. மறுபடி மடிச்சா. உள்ள போயிட்டா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. வராதுங்களா? இத்தனை நாளு எஞ்சினைப் பிரிச்சு, ரபீக்கைப் பகைச்சு... ஒரு பெடலை ஒழுங்கா மிதிக்க முடியாதா உன்னாலன்னு வாசல்ல நின்னுட்டே கேட்டேன். வெண்ணிலா வண்டியை விட்டு எறங்கி எங்கிட்ட வந்தா.

"பானெட்டை மூடுங்கப்பா"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. நான் மூடிட்டேன்.

சூலூர் தாண்டிருச்சா? அட, வந்தாச்சே. பேச்சுல தெரியலை.

அடுத்த நாளே வெண்ணிலா அவங்கம்மாளைக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயி நரம்பு டாக்டர்கிட்டக் காட்டுனா. நல்ல டாக்டர், சின்ன வயசு. இவளைப் படுக்க வச்சு, வலது காலைப் பிடிச்சு, உள்ளங்காலுக்கு அடியில அவரு கையை வச்சாரு. நீங்க வண்டி ஓட்டுவீங்களாம்ல, என் கையை ஆக்ஸிலேட்டர்னு நினைச்சுக்கங்க, அடி வரைக்கும் மிதிங்கம்மான்னாரு. நான் பக்கத்துல நிக்கறேன். அந்தக் காலு அசையவே இல்லை தம்பி. லேசா ஒரு துடிப்பு. டாக்டரு மறுபடி, நல்லா அமுத்துங்கம்மாங்கறாரு. இவ மோட்டு வளையைப் பாத்துட்டே, "அமுத்திட்டுத்தானுங்க இருக்கேன்"னா.

அதே கொரலுங்க. பானெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்ட அதே கொரலு. அன்னைக்கு மூஞ்சி தெரியலை, இன்னைக்குத் தெரிஞ்சுது. பொய் சொல்ற மூஞ்சி இல்லைங்க அது. அவ முழு பலத்தையும் போட்டு அமுத்திட்டு இருந்தா. நெத்தியில வேர்த்து ஊத்துது. அங்க கால்ல ஒண்ணுமே இல்லை. எனக்கு அங்கயே உக்காந்து அழுவோணும்போல இருந்துச்சு. அழுவலை. டாக்டரு ரூமுல எங்க அழுவறது.

சர்க்கரையெல்லாம் அவளுக்குக் கெடையாதுங்க. நரம்பு கருகிட்டு வருதாட்டம் இருக்குதுங்கறாரு. பாதத்துல இருந்து மேல ஏறுதான்னு பாக்கோணும்னாரு. மருந்து இருக்குதுங்களான்னு கேட்டேன். மொதல்ல டெஸ்ட் பாக்கலாம், அப்புறம் பேசலாமுங்கன்னு பேனாவை மூடிட்டாரு. அந்த டெஸ்ட் என்ன தெரியுங்களா? கரண்டுதான். கால்ல அங்கங்க ஒயரை ஒட்டி, சின்னச் சின்னதாக் கரண்ட் விட்டு, நரம்பு அதைக் கொண்டுட்டுப் போகுதான்னு மிசின்ல பாக்கறாங்க. அதுவும் ஒரு மீட்டர்தான். கோடு கோடா வருது. இடது காலுக்குக் கோடு நல்லா எந்திரிச்சு எந்திரிச்சு வந்துச்சு. வலது காலுக்கு... நான் பாக்கலை. எனக்குத்தான் வலது கண்ணுல பார்வை இல்லையே.

அந்த ரிசல்ட்டு வாங்கத்தான் இப்பப் போறோம். வெண்ணிலா லீவு முடிஞ்சு போயிட்டா, நாங்க ரண்டு பேருதான்.

ஆனா நான் ஒண்ணு யோசிக்கறேன் தம்பி, நீங்க படிச்சவரு, சொல்லுங்க. ஒயர் ஒட்டுன புள்ளைக்கு இருவது வயசு கூட இருக்காது. ஃபோன்ல பேசிட்டே ஒட்டுச்சு. ஒரு ஒயர் லூசா இருந்தாப் போச்சு, கோடு வராது. கரண்ட்டுல வேலை பாத்தவனுக்குத் தெரியாதா. எத்தனை மீட்டர் தப்பாக் காட்டியிருக்குது. நானே பாத்திருக்கேன், கரண்டே ஓடாத ஊட்டுக்கு ஓடுனதாக் காட்டும். அப்புறம் இந்தா, இந்த மீட்டரு. இவ உக்காந்தாத் தொண்ணூறு, மக உக்காந்தா நூத்தி எழுவது. ஒரு மீட்டரு இப்பிடி மாத்தி மாத்திக் காட்டலாமா? ரப்பரு சரியா உக்காராம காத்து ஒழுகியிருக்கும், வெண்ணிலா வந்த அன்னைக்குத்தான் சரியா உக்காந்திருக்கும். கடைக்காரன் செக் பண்ணிட்டு, ஆமாங்க, இது ஆரம்பத்துல இருந்தே தப்பாத்தான் காட்டிட்டிருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னு வைங்க. அப்ப அவ அமுத்துனது நெசந்தானுங்களே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால கடைக்குப் போயிரலாம்னுகூட நினைச்சேன். கடை பத்து மணிக்கு மேலதான் தொறப்பானாம்.

அந்தக் குண்டடத்து அம்மா ஞாபகம் வருதுங்க. ஒண்ணுமில்லை, இப்ப அந்த வழியா வந்தோமில்ல, அதனால.

காலையில டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க அவ கைப்பையைத் தொறந்தேன். உள்ள கார் சாவி இருக்குது. பஸ்ஸுக்குப் போறதுக்கு எதுக்கு இது, ஊட்லயே வச்சுட்டு வந்திருக்கலாமேன்னேன். இருக்கட்டுமுங்கன்னு பையை வாங்கி மடியில வச்சுக்கிட்டா. இன்னும் மடியிலதான் வச்சிருக்கறா பாருங்க.

சிங்காநல்லூர் வந்துருச்சு. நீங்களும் இங்கதானுங்களே எறங்கறீங்க? ஒரு சின்ன ஒத்தாசை பண்ணோணும். இந்தப் பையை மட்டும் பிடிச்சுக்கங்க, மீட்டர் கீழ விழுந்தறாம. எல்லாரும் எறங்கட்டும், நாங்க கடைசியாத்தான் எறங்குவோம். நான் முன்னால எறங்கிக் கீழ நின்னுக்குவேன். அவ என் தோள்ல கையை வச்சு எறங்குவா. வெயிட்டெல்லாம் எம்மேல வந்துரும், விழ மாட்டா, அதைப் பத்தி பயமில்லை. வலது காலைக் கீழ வச்சதும், "ஊனிருச்சுங்களா?"ன்னு கேப்பா. அவளுக்குத் தெரியறதில்லைங்க, நாந்தான் பாத்துச் சொல்லோணும். பாதம் ஒரு பக்கமா மடங்கி, பாதிதான் ஊனியிருக்கும். நான் குனிஞ்சு பாத்துட்டு, முழுசா ஊனிருச்சு அம்மிணின்னு சொல்லுவேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு, வேற எதையாச்சும் சொல்லிப்போடாதீங்க தம்பி.